உசிக் கட்டுரையில் ‘அமெச்சூர்’: தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

உக்ரைன் குத்துச்சண்டை வீரர் ஒலெக்சாந்தர் உசிக்கைப் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கி வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. ‘புரொஃபஷனல்’ என்பதற்குத் ‘தொழில்முறை’ நிலைபெற்றுவிட்டது. பிழைப்புக்காக அல்லாமல் ஆடும் நிலையைக் குறிக்கும் ‘அமெச்சூர்’ என்பதற்குத்தான் பொருத்தமாக ஒன்றும் அகப்படவில்லை. முதல் வரைவில் ‘பயிற்சி நிலை’ என்று எழுதிவிட்டு, மறுநாள் படித்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் காலிறுதியில் தம்மைத் தோற்கடித்த இத்தாலியர் கிளெமெந்தே ருஸ்ஸோவை, நான்கு ஆண்டுகள் கழித்து லண்டன் இறுதிப் போட்டியில் வென்று தங்கம் பெற்றவர் அவர். அதற்கு முந்தைய ஆண்டே பாக்கூவில் உலகப் பட்டமும் வென்றிருந்தார். அத்தகையவர் அப்போது பயிற்சியில் இருந்தார் என்று எழுதினால் யார் நம்புவார்கள்?

———

அன்புள்ள அம்மையீர்,

சொல் ஏற்கெனவே இருக்கிறது. அதை நாம் விளையாட்டுப் பக்கம் அழைத்து வரவில்லை, அவ்வளவுதான். பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபை போன்றவற்றை நாடக வரலாறு எழுதுவோர் ‘பயில்முறைக் குழு’ என்றும், நாடகத்தையே பிழைப்பாகக் கொண்டவற்றைத் ‘தொழில்முறைக் குழு’ என்றும் பிரித்து வழங்குகிறார்கள். தங்கள் கூச்சத்துக்குக் காரணம், பயிலுதல் என்றால் கற்றல் மட்டுமே என்று நாம் சுருக்கிக்கொண்டதுதான். ‘பயில்தொறும் பண்புடை யாளர் தொடர்பு’ என்னும் குறளில் அது பழகுதல். ‘பயிலியது கெழீஇய நட்பின்’ என்னும் குறுந்தொகை அடியில் அது தலைவன் தலைவியின் நெருக்கத்தையே குறிக்கிறது. ஆகவே ‘பயில்முறைக் குத்துச்சண்டை’ என்று எழுதுங்கள்; ககர ஒற்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

———

பேராசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

சங்கப் பொருளை எண்ணிக்கொண்டா இன்றைய மாணவன் ‘பயில்’ என்பதைப் படிக்கிறான்? பயிலரங்கு, பயிலுநர் என்று எங்கும் அது கற்போரையே குறிக்கும்போது, 1972, 1976, 1980 என மூன்று ஒலிம்பிக்குகளில் தொடர்ந்து தங்கம் வென்றும், இறுதிவரை தொழில்முறைக்குப் போக மறுத்துவிட்ட கியூபாவின் தியோஃபிலோ ஸ்டீவன்சனைப் பயிலுநராக்குவது தகாது. பிரெஞ்சுச் சொல்லின் இலத்தீன் வேர் அன்பு செய்தலைக் குறிப்பதால், விழைதல் என்னும் நம் வினையிலிருந்து ‘விழைஞர்’ என ஆக்கலாம். அறி, அறிஞர் ஆவதுபோல் விழை, விழைஞர் ஆகும். புணர்ச்சியிலும் இடர்ப்பாடு இல்லை.

———

வணக்கம்.

புணர்ச்சியில் இடர்ப்பாடு இல்லை, வள்ளுவரிடம் இருக்கிறது: ‘பிறனில் விழையாமை’ என்றோர் அதிகாரம் உண்டல்லவா? ‘விழைஞர் உசிக்’ என்று படிக்கும் பையன் பக்கத்து வீட்டை நோக்குவான்.

உடற்கல்வி ஆசிரியன் என்ற முறையில் சொல்கிறேன். தமிழ்நாடு அமெச்சூர் கபடிக் கழகம் என்னும் பெயரை எங்கள் மாணவர்கள் அறிவார்கள். அந்தச் சொல்லை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. குத்துச்சண்டையின் அன்றைய உலகச் சங்கமே தன் பெயரிலிருந்து அதை நீக்கிவிட்டது; 2016 ரியோ ஒலிம்பிக்கில் தொழில்முறை வீரர்களுக்கும் வாசல் திறந்தது. அங்கேயே தளர்ந்துவிட்ட வேறுபாட்டுக்கு இங்கே புதுச்சொல் வார்க்க வேண்டுமா?

அதைவிடப் பெரிய சிக்கல் ‘ஹெவிவெயிட்’. லண்டனில் உசிக் வென்ற ஹெவிவெயிட் பிரிவின் மேல்வரம்பு 91 கிலோ. அதற்கு மேற்பட்ட சூப்பர் ஹெவிவெயிட்டில் தங்கம் வென்றவர் ஆண்டனி ஜோஷுவா. தொழில்முறையிலோ 200 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 90.7 கிலோவைத் தாண்டினால்தான் ஹெவிவெயிட். அதனால் உசிக் 2018-இல் நான்கு உலக அமைப்புகளின் பட்டங்களையும் ஒன்றுசேர்த்தது அதற்குக் கீழுள்ள குரூசர்வெயிட்டில். பிறகு எடைகூடி, 2021-இல் ஜோஷுவாவையும், 2024 மே மாதம் ரியாத்தில் டைசன் ஃபியூரியையும் வென்றார். இரண்டு இடத்திலும் ‘மிகுஎடை’ என்று ஒரே சொல்லைப் போட்டால், அவர் மிகுஎடையில் தொடங்கி, இறங்கி, மறுபடியும் ஏறியதாக வாசகர் எண்ணிக்கொள்வார்.

———

அனைவருக்கும் நன்றி.

எடையைக் கிலோவில் குறித்துவிடுகிறேன். பிரிவின் பெயர் ஹெவிவெயிட்டாகவே இருக்கட்டும். நேற்றுவரை வந்த மற்ற மடல்களில் ‘பயில்முறை’க்கே ஆதரவு மிகுதி என்பதால், முதலிடத்தில் ‘அமெச்சூர் எனப்படும் பயில்முறைக் குத்துச்சண்டை’ என்றும், பின்னர் ‘பயில்முறை’ என்றும் எழுதுகிறேன். ஒன்று மட்டும் இடறுகிறது. லண்டன் ஒலிம்பிக் முடிந்ததும் உசிக் ‘உலகக் குத்துச்சண்டைத் தொடர்’ போட்டிகளில் உக்ரைன் அணிக்காக ஆடினார். அங்கே அப்போது தலைக்கவசம் இருக்கவில்லை, ஐந்து சுற்றுகள், வீரர்களுக்கு ஊதியமும் இருந்தது. ஆயினும் ஒலிம்பிக் தகுதி போகவில்லை. 2013 நவம்பரில்தான் அவர் முறைப்படி தொழில்முறைக்கு வந்தார். இடைப்பட்ட அந்தக் காலத்தை எந்தத் தலைப்பின்கீழ் வைப்பது?

———

அம்மையீர்,

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. ஊதியம் பெற்றும் தொழில்முறையாகாத அந்தப் பருவத்துக்குப் ‘பயில்முறை’ பொருந்துமா என்று பேராசிரியர் ஐயா இன்னும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் சொல்வாரானால் என் ‘விழைஞ’ரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.