குளிர்காலம் ஊரில், இடையில் லண்டன், மெல்பேண்: வேலையை விட்ட பிறகு நாட்களை எப்படிப் பிரிக்கிறீர்கள்?

கோண்டாவில்66

எல்லாருக்கும் வணக்கம். நானும் மனைவியும் 1991இல் ரொறன்ரோ வந்தவர்கள். எனக்கு 67, அவவுக்கு 64. நான் போன வருடம் வேலையை விட்டேன், அவ அதற்கு முதலே விட்டுவிட்டா. ஸ்காபரோவில் சொந்த வீடு, கடன் முடிந்துவிட்டது. மகள் லண்டனில், இரண்டு பிள்ளைகள். மகன் மெல்பேணில், இப்போதுதான் முதல் குழந்தை பிறந்திருக்கிறது. இரண்டு பேரும் போனில் கேட்பது ஒரே கேள்வி, எப்போது வருகிறீர்கள் என்று. எங்களுக்கோ இந்தப் பனியில் இன்னொரு ஜனவரி இருக்க மனமில்லை, போன மாசியில் அவ வாசலில் சறுக்கி விழுந்து மணிக்கட்டு வெடித்தது.

போட்டு வைத்திருக்கிற திட்டம் இது. வருகிற ஜனவரி 5 புறப்பட்டு மார்ச் 31 வரை யாழ்ப்பாணம், அக்கா வீட்டு மேல்மாடி காலியாக இருக்கிறது. ஏப்ரல் முழுக்க மகளோடு. மே 1 வீடு திரும்பிக் கோடை முழுக்க இங்கே. செப்டம்பர் 10 முதல் நவம்பர் 10 வரை மகனிடம். அங்கிருந்து வரும் வழியில் மூன்று கிழமை கம்போடியாவும் ஜாவாவும், அங்கோர் வாட் கோயிலையும் பிரம்பனான் கோயிலையும் பார்க்க வேண்டும் என்று அவ முப்பது வருடமாகச் சொல்கிறா. டிசம்பர் 1 வரை அது. இரண்டரைக் கிழமை இங்கே இருந்துவிட்டு டிசம்பர் 20 திரும்பவும் ஊர்.

ஒன்ராறியோ மாகாணம் தருகிற ஹெல்த் காட்டுக்கு (மருத்துவ அட்டைக்கு) இது இடிக்குமா? வீட்டைப் பூட்டிவிட்டுப் போகலாமா? அவவுக்குப் பிரஷரும் சுகரும், குளிசைக்கு என்ன செய்வது? இதெல்லாவற்றையும் விட, பிள்ளைகள் வீட்டில் எத்தனை நாள் இருப்பது சரி என்று நாங்கள் இருவரும் இரவிரவாகக் கதைத்தும் முடிவு வரவில்லை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மார்க்கம்வாசி

அண்ணை, நாள் கணக்கில் மூன்று நாள் இடிக்கிறது. தாளில் எழுதிப் பார்த்தேன். ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை எண்ணினால் ஊரில் 86, லண்டன் 30, மெல்பேண் 62, கம்போடியாவும் ஜாவாவும் 21, கடைசியில் டிசம்பரில் 12, மொத்தம் 211 நாள் வெளியே. ஒன்ராறியோவில் 154 நாள் இருந்திருக்கிறீர்கள், ஹெல்த் காட்டுக்கு 153 இருந்தால் போதும், ஆகவே சரி என்றுதான் தோன்றும். ஆனால் அவர்கள் காலண்டர் வருடத்தைப் பார்ப்பதில்லை. எந்தப் 12 மாதத்தை எடுத்தாலும் 153 நாள் நீங்கள் இங்கே இருந்திருக்க வேண்டும். ஜனவரி 5இலிருந்து அடுத்த ஜனவரி 4 வரை எண்ணுங்கள்: வெளியே 215, உள்ளே 150. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் பிழை விடுகிறார்கள்.

ஜாவாவைத் தள்ளிப் போடுங்கள். நவம்பரில் அங்கே மழை தொடங்கும், கம்போடியாவில் அப்போதுதான் மழை ஓய்கிற நேரம். அங்கோர் வாட்டை மட்டும் 10 நாளில் ஆறுதலாகப் பார்த்தால் கணக்கு 204க்கு இறங்கும், ஒரு அவசரத்துக்கு எட்டு நாள் கையில் இருக்கும். பிரம்பனானை வேறொரு வருடம் ஆகஸ்டில், மெல்பேண் போகும் வழியில் பாருங்கள், அப்போது ஜாவாவில் வெயில் காலம். போர்டிங் பாஸ் ஒன்றையும் எறிய வேண்டாம்.

பென்சனைப் பற்றிக் கேட்கவில்லை, என்றாலும் சொல்கிறேன். 18 வயதுக்குப் பிறகு கனடாவில் 20 வருடம் இருந்தவருக்கு முதியோர் பென்சன் எங்கே இருந்தாலும் வரும். குறைந்த வருமானத்துக்கான மேலதிகப் பணம் எடுப்பவர்கள் மட்டும் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் அது நின்றுவிடும்.

இனிக் காப்புறுதி. ஹெல்த் காட் இருக்கிறது என்று காப்புறுதி எடுக்காமல் போக வேண்டாம். வெளிநாட்டில் ஆஸ்பத்திரியில் அவசரமாகப் படுத்தால் ஒன்ராறியோ தருவது நாளைக்கு 200 அல்லது 400 டொலர் வரைதான். காப்புறுதி எடுத்தாலும் அதில் ஒரு வரி இருக்கும், புறப்படுவதற்கு முந்திய இத்தனை நாளில் உங்கள் வருத்தமும் மருந்தும் மாறாமல் இருந்திருக்க வேண்டும் என்று. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒக்டோபரில் டொக்டர் பிரஷர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் குளிசையை 10இலிருந்து 5 மில்லிகிராமுக்குக் குறைத்தார். நான் சந்தோசத்தோடு வந்தேன். டிசம்பரில் கொழும்பில் நெஞ்சு நோ, தனியார் ஆஸ்பத்திரியில் நாலு நாள். கம்பெனி காசு தர முடியாது என்று கடிதம் அனுப்பியது, 90 நாளுக்குள் மருந்து மாறியிருக்கிறது என்று. கூட்டினால் மட்டுமில்லை, குறைத்தாலும் அது மாற்றம்தானாம். அண்ணியை ஆகஸ்டிலேயே டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போய், மாற்ற வேண்டியதை அப்போதே மாற்றச் சொல்லுங்கள்.

குளிசை பெரிய கரைச்சல் இல்லை. 65 தாண்டியவர்களுக்கான மருந்துத் திட்டத்தில் பயணம் 100 நாளுக்கு மேல், 200 நாளுக்குள் என்றால், பயணத் தேதிக்கு ஆதாரம் காட்டி 200 நாளுக்கான மருந்தை முன்கூட்டியே எடுக்கலாம். உங்களுக்கு அது சரி. அண்ணிக்கு இன்னும் 65 ஆகவில்லை, அவவின் குளிசைக்கு வேலையிடக் காப்புறுதி ஏதும் இருந்தால் அவர்களைக் கேளுங்கள்.

வெள்ளவத்தை_ராணி

முதல் வருடமே 116 நாள் ஒரேயடியாக வேண்டாம் அண்ணா. நாங்கள் முதல் தடவை ஆறு கிழமை போய் இருந்து பார்த்தோம், அதில்தான் எங்களுக்கு எது சரிவரும், எது வராது என்று தெரிந்தது.

பனங்கூடல்

வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிற விசயத்தில் நான் பட்டுத் தெளிந்தவன். நாலு வருடத்துக்கு முன் நாங்கள் மானிப்பாயில் இருக்கும்போது இங்கே வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸ் நின்றுவிட்டது. பெப்ரவரி. மேல் பாத்ரூம் குழாய் உறைந்து வெடித்து, கராஜ் கதவின் கீழால் தண்ணீர் வந்து பளிங்கு மாதிரி உறைந்து நிற்பதைப் பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மாதான் கண்டு போன் அடித்தா. காப்புறுதிக்காரர் முதல் கேட்டது, வீட்டை யார் வந்து பார்த்தார்கள், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு? மச்சான் இடைக்கிடை வந்து பார்த்தவர்தான், ஆனால் தேதி ஒன்றும் எழுதவில்லை. பாதிக் காசுதான் வந்தது, மரத்தரை முழுக்கக் கிளப்பிப் புதிதாகப் போட வேண்டி வந்தது.

இப்போது குசினி மேசையில் ஒரு சி.ஆர். கொப்பி கிடக்கும். மச்சான் வரும் ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், தெர்மோஸ்டாட்டில் என்ன சூடு காட்டுகிறது, மூன்றையும் எழுதி, அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்புவார். புறப்படும் அன்று பேஸ்மென்டில் மெயின் தண்ணீரைப் பூட்டி, கீழே ஒரு குழாயும் மேலே ஒரு குழாயும் திறந்து மிச்சத் தண்ணீரை ஓடவிட்டு, டொய்லட்டையும் ஒருமுறை ஃப்ளஷ் பண்ணிவிட்டுத்தான் பெட்டியைத் தூக்குவோம். எத்தனை நாளுக்கு ஒருமுறை ஆள் பார்க்க வேண்டும் என்பது ஒவ்வொரு காப்புறுதிக்கும் வேறு. போனில் சொன்னதை நம்ப வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள்.

ஊரைப் பற்றி. ஜனவரியில் போவது நல்லது, மழை அதற்குள் ஓய்ந்துவிடும். ஆனால் டெங்கு மழை நின்றதோடு நிற்காது, ஜனவரியிலும் இருக்கும். நுளம்பு வலை, பகலிலும் முழுக்கைச் சட்டை. அக்கா வீட்டு வளவில் சிரட்டை, பூச்சாடித் தட்டு, பழைய டயர், தண்ணீர் தேங்கக் கூடிய எல்லாவற்றையும் போன அன்றே கவிழ்த்துவிடுங்கள். அடுத்த முறை டிசம்பர் 20 என்கிறீர்கள், அது ஈரக் காலம், நான் என்றால் புதுவருடம் கழித்துத்தான் போவேன். கனடாப் பாஸ்போட்டில் போனால் முதலில் 30 நாள்தான் தருவார்கள், பிறகு நீட்ட வேண்டும். ஒவ்வொரு வருடமும் போவதென்றால் இரட்டைக் குடியுரிமைக்குப் போடுங்கள், நாங்கள் எடுத்துவிட்டோம்.

தை மாதத்தில் விடிய ஐந்து மணிக்குக் கோயில் மணி கேட்கும், வெளியே மெல்லிய பனி, தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு படலையடியில் நின்றால் யாரோ சைக்கிளில் பனங்கிழங்கு கொண்டு போவார்கள். அவித்த கிழங்கின் தும்பை உரித்து, மிளகு உப்போடு இடித்துச் சாப்பிட்ட அன்றைக்கு என் மனைவி அழுதுவிட்டா. அவவின் அம்மா போன பிறகு அதைச் சாப்பிட்டதே இல்லையாம்.

பேர்த்திக்கு_அம்மம்மா

தம்பி, பிள்ளைகள் வீட்டைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். என் மகளும் லண்டனில்தான். முதல் தடவை ஐந்து மாதம் நின்றேன், உதவி என்றுதான் நின்றேன். இரண்டாம் மாதம் ஒருநாள் நான் கழுவிக் கவிழ்த்த சட்டியை அவள் எடுத்து, சத்தம் வராமல், திரும்பக் கழுவியதைப் படியில் நின்று கண்டேன். அவளில் பிழையில்லை. அது அவளுடைய குசினி. மருமகன் தங்கமான பிள்ளை, ஆனால் வேலையால் வந்ததும் சாறத்தோடு சோபாவில் சரிந்து படுக்கிற சுதந்திரம் நான் நின்ற ஐந்து மாதமும் அவருக்கு இருக்கவில்லை.

இப்போது மூன்று கிழமைதான், வருடத்தில் இரண்டு தரம். வரும் தேதியும் போகும் தேதியும் டிக்கெட் எடுக்க முதலே சொல்லிவிடுவேன். நடுவில் நாங்கள் இருவரும் மூன்று நாள் எங்கேயாவது போய்விடுவோம், போன முறை எடின்பரோ. நீங்கள் ஏப்ரல் என்கிறீர்கள், ஈஸ்டருக்கு இரண்டு கிழமை பள்ளிக்கூட லீவு வரும். அந்த இரண்டு கிழமையும் பிள்ளைகளை நீங்கள் வைத்திருந்தால் அவர்கள் லீவு எடுக்கத் தேவையில்லை, அதை விடப் பெரிய உதவி வேறில்லை. மிச்சம் ஒரு கிழமை போதும்.

மெல்பேணில் கைக்குழந்தை, அது வேறு கணக்கு. அங்கே இரண்டு மாதம் தேவைப்படலாம். ஆனால் உங்கள் மகனைக் கேட்க வேண்டாம், மருமகளைக் கேளுங்கள். அவவின் அம்மா எப்போது வருகிறா என்றும் கேளுங்கள், இரண்டு சம்பந்தியும் ஒரே நேரம் ஒரு அறைக்காக நிற்கக் கூடாது. பிரித்தானியாவுக்கு 2025 தையிலிருந்து கனடாப் பாஸ்போட்காரரும் முன்கூட்டியே ஒன்லைனில் பயண அனுமதி எடுக்க வேண்டும், அவுஸ்திரேலியாவுக்கும் அப்படி ஒன்று உண்டு, அங்கே ஒரு தரத்துக்கு மூன்று மாதம் வரை நிற்கலாம்.

கோண்டாவில்66

எல்லாருக்கும் நன்றி. மார்க்கம்வாசி தம்பி, அந்த மூன்று நாளை நான் யோசிக்கவே இல்லை, காலண்டர் வருடம் என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஜாவாவை விட்டுவிட்டோம். அவ கொஞ்சம் முகம் வாடினா, ஆனால் அங்கோர் வாட் நிச்சயம் என்று சொன்னதும் சரி.

ராணி அக்கா சொன்ன ஆறு கிழமையையும் கதைத்தோம். ஜனவரி 10 போய் பெப்ரவரி கடைசி வரை ஊர், பிறகு இங்கே வந்து வரி வேலையை முடித்துவிட்டு, ஈஸ்டர் லீவோடு சேர்த்து மூன்று கிழமை லண்டன். டிக்கெட் கொஞ்சம் கூடத்தான் போகும். அந்தச் சட்டிக் கதையை வாசித்துக் காட்டினேன், அவ ஒன்றும் பேசாமல் எழும்பிப் போய் மகளுக்கு மெசேஜ் போட்டா, ஏப்ரலில் எந்த நாட்கள் உனக்கு வசதி என்று. இதுவரை நாங்கள் அப்படிக் கேட்டதில்லை. பதில் ஐந்து நிமிடத்தில் வந்தது, பள்ளிக்கூடக் காலண்டரின் படத்தோடு.

மருமகளுக்கு நாளைக்கு எடுப்போம், இப்போது அங்கே நடுச்சாமம். மெயின் தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்று இன்றைக்குத்தான் பேஸ்மென்டில் தேடிப் பிடித்தேன், பிடி இறுகிப் போய்த் திரும்பவில்லை, பிளம்பரைக் கூப்பிட வேண்டும்.