குதிரைக்கு முடியாமல் போன ராத்திரி: டாக்டர் வரும்வரை நீங்கள் என்ன செய்தீர்கள்?

செவலைக்கு வயிற்று வலி வந்த ராத்திரியைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். போன வாரம் பக்கத்து ஊரில் ஒருவர் வயிறு சரியில்லை என்று தன் குதிரைக்கு வாய்வழியாக எண்ணெய் ஊற்றி, அது நுரையீரலுக்குள் போய், மூன்றாம் நாள் குதிரை செத்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். இனித் தள்ளிப்போடக் கூடாது என்று உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் வீடு கோபிசெட்டிபாளையம் பக்கம். தாத்தா குதிரை வண்டி ஓட்டியவர், அப்பா விட்டுவிட்டார், நான் ஆறு வருடத்துக்கு முன்னால் அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் ஒரு மார்வாரி இனக் கலப்புப் பெட்டைக் குதிரையை வாங்கி வந்தேன். நிறத்தை வைத்துச் செவலை என்று கூப்பிட ஆரம்பித்து அதுவே பெயராகிவிட்டது. கல்யாண ஊர்வலத்துக்குப் போவாள், மற்ற நாளெல்லாம் தோட்டத்தில்தான்.

போன தை மாதம். சாயங்காலம் போட்ட சோளத்தட்டு அப்படியே கிடந்தது. சரி, அசதியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். ராத்திரி பதினொன்றரைக்குச் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால் முன்னங்காலால் தரையைப் பறித்துக்கொண்டிருக்கிறாள், திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்க்கிறாள், படுக்கிறாள், உடனே எழுகிறாள், மேலுதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டுகிறாள். மத்தியானத்துக்குப் பிறகு லத்தியே போடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா எழுந்து வந்துவிட்டார். மாட்டுக்குச் செய்வதுபோல அரை லிட்டர் நல்லெண்ணெயில் பெருங்காயம் கலக்கி மூங்கில் குழாயில் வைத்து ஊற்றிவிடு தம்பி, விடிவதற்குள் சரியாகிவிடும் என்றார். அக்கறையில் சொன்னதுதான். நானும் எண்ணெய்க் கேனை எடுத்துவிட்டேன், ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று எங்கள் ஊர்க் கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டேன். அவர், "மாடு, ஆடு என்றால் நானே இப்போது வண்டியை எடுத்துவிடுவேன், குதிரைக்கு இந்த நேரத்தில் கை பழகினவர் வேண்டும்" என்று சொல்லி, குதிரைகளையே பார்க்கிற ஒரு டாக்டரின் எண்ணைக் கொடுத்தார். அப்படி மனம் திறந்து சொன்னதற்காக இன்றைக்கும் அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

குதிரை டாக்டர் இருந்தது கிட்டத்தட்ட தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி. போனை எடுத்ததும் "வாய்வழியாக எதையும் ஊற்றினீர்களா?" என்றுதான் கேட்டார். இல்லை என்றதும் பெருமூச்சு விட்டார். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றினால் மூச்சுக்குழாயில் இறங்கும், எண்ணெய்க்கு ருசியே இல்லாவிட்டால் அது இருமக்கூட இருமாது என்றார். அப்புறம் கேள்விமேல் கேள்வி. காய்ச்சல் எவ்வளவு? (தெர்மாமீட்டர் இருந்தது, ஆசனவாயில் வைத்துப் பார்த்ததில் 100 டிகிரி பாரன்ஹீட். 99-லிருந்து 101 வரை சாதாரணம்தான் என்றார்.) நாடி எவ்வளவு? எனக்கு எங்கே பிடிப்பது என்றே தெரியாது. தாடை எலும்பின் உள்விளிம்பில் கயிறுபோல ஒரு ரத்தக்குழாய் உருளும், அதன்மேல் விரலை வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கு என்று போனிலேயே சொல்லிக்கொடுத்தார். 56 வந்தது. ஓய்வில் நிற்கும் குதிரைக்கு 28-லிருந்து 44-க்குள் இருக்க வேண்டுமாம். ஈறு என்ன நிறம்? கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் எத்தனை விநாடியில் நிறம் திரும்புகிறது? விலாவில் காதை வைத்தால் குடல் சத்தம் கேட்கிறதா, இரண்டு பக்கமும் கேட்கிறதா?

இடது பக்கம் கொஞ்சம்கூடச் சத்தம் இல்லை. அதைச் சொன்னதும், "கிளம்பிவிட்டேன், தீனியை எல்லாம் எடுத்துவிடுங்கள், புரண்டு அடிபடப் பார்த்தால் மெதுவாக நடத்துங்கள், ஓட விடாதீர்கள், மருந்துக்கடையில் வலி ஊசி வாங்கிப் போட்டுவிடாதீர்கள்" என்றார். வலி ஊசி மேலே அடங்கியதுபோலக் காட்டிவிடும், உள்ளே குடல் முறுக்கிக்கொண்டிருந்தாலும் நமக்குத் தெரியாமல் போகும் என்பதை அவர் வந்த பிறகு விளக்கினார்.

இரண்டே முக்காலுக்கு வந்தார். முதலில் எட்ட நின்று இரண்டு நிமிடம் பார்த்தார். பிறகு மயக்க ஊசி கொஞ்சமாகப் போட்டுவிட்டு மூக்கு வழியாக ஒரு நீளக் குழாயை இரைப்பைக்குள் இறக்கினார். காற்று மட்டும் வந்தது, தண்ணீர் கொட்டவில்லை, அது நல்ல சேதி என்றார். அப்புறம் முழங்கைக்கு மேல்வரை உறை போட்டுக்கொண்டு ஆசனவாய் வழியாகக் கையை விட்டுப் பார்த்தார். பெருங்குடல் இடது பக்கத்தில் சட்டென்று வளைந்து குறுகுகிற ஓர் இடம் இருக்கிறதாம், அங்கே தீனி இறுகிக் கட்டியாக நின்றுவிட்டது. முறுக்கு இல்லை. அதே மூக்குக் குழாய் வழியாக வாளித் தண்ணீரில் உப்பும் பிறகு லிக்விட் பாரஃபினும் உள்ளே போனது, அதற்கப்புறம்தான் வலி ஊசி போட்டார். நான் ஊற்ற நினைத்ததும் எண்ணெய்தான், அவர் கொடுத்ததும் ஒரு எண்ணெய்தான், ஆனால் அது எந்த வழியாகப் போகிறது என்பதில்தான் செவலையின் உயிர் இருந்திருக்கிறது.

காலை பதினொரு மணிக்கு லத்தி போட்டாள். கையில் எடுத்துப் பார்த்த டாக்டர், உள்ளே விரல் நீளத்துக்கு மெல்லப்படாத தட்டுத் துண்டுகள் இருப்பதைக் காட்டி, "இவள் புல்லை மென்று உருண்டையாக்கிக் கீழே துப்புவாளா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூன்று மாதமாகத் தொட்டிக்கு அடியில் அந்த உருண்டைகளைத் தினமும் கூட்டி அள்ளியிருக்கிறேன், எதற்கு என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

பத்து நாள் கழித்துப் பல்லுக்காக மறுபடி வந்தார். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் மூடும் என்பார்களே, அன்றைக்குக் கொள்ளுக்கும் திறக்கவில்லை. மயக்கம் கொடுத்து வாய் திறக்கும் கருவியை மாட்டி டார்ச் அடித்துக் காட்டினார். குதிரையின் கடைவாய்ப் பல் ஆயுசு முழுக்க மேலே வந்துகொண்டே இருக்கும், மேல்தாடை அகலம், கீழ்த்தாடை குறுகல், அதனால் மேல்பல்லின் வெளி ஓரமும் கீழ்ப்பல்லின் உள் ஓரமும் தேயாமல் கத்திபோல நிற்கும். செவலைக்கு இரண்டு பக்கக் கன்னத்திலும் புண். மென்றால் வலிக்கும், வலிக்கிறதே என்று அரைகுறையாக விழுங்கியிருக்கிறாள், கூடவே தை மாதக் குளிரில் தண்ணீரும் குறைவாகக் குடித்திருக்கிறாள். நீளக் கைப்பிடி அரம் வைத்து முக்கால் மணி நேரம் ராவினார். வருடத்துக்கு ஒரு தடவை பல்லைப் பார்த்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள். நல்லபடி முடிந்ததும் வேண்டும், முடியாமல் போனதும் வேண்டும்.

* * *

அண்ணா, நான் பொள்ளாச்சி. எங்கள் வீட்டில் நடந்தது தீனியால் வந்தது. பால் மாடு வைத்திருக்கிற வீடு, அதனால் கோ-4 தீவனப்புல் எங்களிடம் எப்போதும் கொட்டிக் கிடக்கும். குதிரைக்கும் அதையே போட்டோம், கூட கோதுமைத் தவிடு தாராளமாக. பளபளவென்று இருந்தான், ஊரே கண் வைத்தது. எட்டு ஒன்பது மாதத்தில் நடை மாறியது. ஒரு நாள் முன்னங்கால் நொண்டும், அடுத்த வாரம் பின்னங்கால். லாடம் அடிக்கிறவர் இரண்டு தடவை லாடத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, குளம்பில் ஒன்றும் இல்லை, டாக்டரைக் கூப்பிடுங்கள் என்றார்.

டாக்டர் அம்மா வந்தார். காலைப் பிடித்துப் பார்ப்பார் என்று நினைத்தால் நேரே தீவனக் கொட்டகைக்குப் போய்விட்டார். என்ன போடுகிறீர்கள், எத்தனை கிலோ, எத்தனை மாதமாக என்று எழுதிக்கொண்டார். பிறகு குதிரையின் முகத்தைப் பக்கவாட்டில் நிற்க வைத்துக் காட்டினார். கண்ணுக்குக் கீழே மூக்கெலும்பு இரண்டு பக்கமும் புடைத்திருந்தது. தினமும் பார்க்கிற முகம், எங்களுக்குத் தெரியவே இல்லை.

கோ-4 போன்ற நேப்பியர் வகைப் புல்லில் ஆக்சலேட் என்கிற பொருள் அதிகம், அது கால்சியத்தைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் கொஞ்சம்தான். இரண்டும் சேர்ந்தால் உடம்பு ரத்தத்தில் கால்சியத்தைச் சமாளிக்க எலும்பிலிருந்து உருவுமாம், உருவிய இடத்தில் நார்த்திசு வளர்ந்து முகம் வீங்குமாம். மாட்டின் முதல் வயிற்றில் இருக்கிற நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டை உடைத்துவிடும், குதிரைக்கு அந்த வசதி இல்லை. மாட்டுக்கு அமுதமாக இருப்பது குதிரைக்கு இப்படி ஆகும் என்று யாருமே எங்களுக்குச் சொன்னதில்லை. கோ-4 நிறுத்தி, அருகம்புல்லும் குதிரைமசாலும் கொடுத்து, தவிட்டைக் குறைத்து, கால்சியம் அளவோடு சேர்த்து, ஆறு மாதத்தில் நொண்டல் நின்றது. முகத்துப் புடைப்பு முழுசாகப் போகவில்லை, போகாது என்று அவர் முன்பே சொல்லிவிட்டார்.

ஒன்று ஞாபகம் வருகிறது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே கடல்வழியாக வருடா வருடம் ஆயிரக்கணக்கில் குதிரைகளை வாங்குகிறார்கள், ஆனால் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆட்கள் இல்லாமல் பெரும்பாலானவை செத்துப்போகின்றன, சமைத்த இறைச்சியும் சோறும் கொடுக்கிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். கல்லூரியில் படித்தபோது கதைபோலக் கேட்டுவிட்டுப் போனேன். எங்கள் கொட்டகையில் அந்த அம்மா தவிட்டு மூட்டையைப் பார்த்து நின்றபோது அதுதான் மனதில் வந்தது.

* * *

கொடைக்கானல். ஏரியைச் சுற்றிச் சவாரி விடுகிற குதிரைகள் மூன்று வைத்திருந்தேன், இப்போது இரண்டு.

ஆணி குத்தியது. குளம்பின் அடியில், தவளைபோல மெத்தென்று இருக்குமே அந்த இடத்துக்குப் பக்கத்தில். பிடுங்கி எறிந்துவிட்டு மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துக் கட்டினேன். நான்கு நாளில் நொண்டல் போய்விட்டது, நானும் மறந்துவிட்டேன். பன்னிரண்டாம் நாள் காலையில் தீனிக்குத் தலையை இறக்க முடியாமல் நிற்கிறான். காது இரண்டும் விறைத்து, வால் தூக்கி, நான்கு காலும் மரக்குதிரைபோல அகட்டி. முகத்துக்கு நேரே கையை ஆட்டினால் கண்ணின் உள்மூலையிலிருந்து ஒரு வெள்ளைத் தோல் வந்து பாதிக் கண்ணை மூடுகிறது. டாக்டர் வாசலிலிருந்தே பார்த்துவிட்டு ரண ஜன்னி (டெட்டனஸ்) என்று சொல்லிவிட்டார். இருட்டு அறையில் வைத்து, காதில் பஞ்சு வைத்து, மருந்தெல்லாம் கொடுத்துப் பார்த்தார். இரண்டு ராத்திரி எங்களோடேயே இருந்தார். முடியவில்லை.

அவர் என்னைத் திட்டவே இல்லை. போகும்போது மட்டும், வீட்டு மிருகங்களில் ரண ஜன்னி ரொம்பச் சுலபமாகத் தாக்குவது குதிரையைத்தான், தடுப்பூசி முதலில் ஒரு மாத இடைவெளியில் இரண்டு, அப்புறம் வருடத்துக்கு ஒன்று, மற்ற இரண்டுக்கும் நாளைக்கே போட்டுவிடலாம் என்றார். போட்டோம். இன்னொன்றும் சொன்னார், எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். ஆணி ஏறியிருந்தால் முடிந்தவரை பிடுங்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள், எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அவர் பார்க்க வேண்டும். அதுவரை குளம்பு தரையில் ஊன்றி ஆணி இன்னும் ஏறாதபடி மரக்கட்டை வைத்துக் கட்டுங்கள். வேறு வழியில்லாமல் பிடுங்கினால் குத்திய இடத்தைக் குறித்து வைத்து, ஆணியையும் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

* * *

சந்தைக்குக் குதிரை கொண்டுபோகிற ஆட்களுக்காக ஒன்று. எங்கள் பக்கம் ரத்தப் பரிசோதனை என்றாலே குதிரையை ஒளித்து வைக்கிற வழக்கம் இருக்கிறது, நானும் ஒரு தடவை ஒளித்தவன்தான். கிளாண்டர்ஸ் என்கிற நோய்க்கு எடுக்கிற ரத்தம் அது. அந்த நோய்க்குத் தடுப்பூசி கிடையாது, மனுஷனுக்கும் தொற்றும், உறுதியானால் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி குதிரையைக் கருணைக்கொலை செய்துவிடுவார்கள், அந்தப் பயம்தான். எங்கள் டாக்டர் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து பேசினார். ஹிசாரில் இருக்கிற தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம்வரை மாதிரி போய் உறுதியான பிறகுதான் முடிவெடுப்பார்கள், சட்டத்தில் இழப்பீடும் உண்டு, ஒளித்து வைத்த ஒரு குதிரை ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்தால் லாயம் முழுக்கப் போகும், அதற்குத் தீனி வைக்கிற உன் மகனுக்கும் ஆபத்து என்றார். மகன் பேச்சு வந்ததும் நான் மறுபேச்சு பேசவில்லை. எனக்கு ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது. இப்போது புதுக் குதிரை எது வந்தாலும் மூன்று வாரம் தனிக் கொட்டகை, தனி வாளி.

* * *

செவலை ஆள்தான் மறுபடி. கொடைக்கானல் அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். செவலைக்குத் தடுப்பூசி போட்டது எப்போது என்று நோட்டில் தேடினால் பதினான்கு மாதம் ஆகியிருக்கிறது. காலையிலேயே டாக்டரிடம் பேசிவிட்டேன், வியாழக்கிழமை வருகிறார்.

நிறையப் பேர் நாடி பிடிப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். குதிரை நன்றாக இருக்கிற நாளில் பழகுங்கள், வலியில் துடிக்கும்போது கைக்கு அகப்படாது. செவலைக்குச் சாதாரணமாக 36. அதைத் தொட்டிக்கு மேலே சுவரில் சுண்ணாம்பால் எழுதி வைத்திருக்கிறேன், பக்கத்திலேயே டாக்டர் எண்ணும். பெரியப்பாவும் இப்போது வருகிற போகிற நேரமெல்லாம் தாடைக்கு அடியில் விரலை வைத்து எண்ணிப் பார்க்கிறார். நேற்று 38 என்று சொல்லிக் கவலைப்பட்டார், இரண்டு கூடினால் ஒன்றும் இல்லை பெரியப்பா என்று சொல்லி அனுப்பினேன்.