டீம் மீடியா கைடுல இருக்குறத அப்படியே நம்பலாமா?

மூணாவது_குவார்ட்டர்:
நானும் ஃப்ரெண்டும் என்பிஏ (அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்) பத்தி தமிழ்ல பாட்காஸ்ட் ஆரம்பிச்சிருக்கோம். டீம்லேர்ந்து பத்திரிகைக்காரங்களுக்குன்னு போடுற மீடியா கைடு ஒண்ணு பிடிஎஃப்ல கிடைச்சுது, தொறந்தா மலைப்பா இருக்கு. பிளேயர் பயோ, பழைய சீசன் ரிசல்ட், ரெக்கார்டு, ஓனர்ல ஆரம்பிச்சு டிரெய்னர் வரைக்கும் எல்லார் பேரும் போட்டு ரொப்பி வச்சிருக்காங்க. எங்கேர்ந்து படிக்கறது? டீமே போடுறதுதானே, அப்படியே மைக்ல சொல்லிரலாமா?

மைக்_டெஸ்டிங்:
முதல் பக்கத்துலேர்ந்து வரிசையா படிக்காதீங்க ப்ரோ, தூக்கம்தான் வரும். நேரா ரோஸ்டர் (டீம்ல இருக்கற பிளேயர் லிஸ்ட்) பக்கத்துக்குப் போங்க, அங்கயோ பக்கத்துலயோ பேர எப்படி உச்சரிக்கணும்னு போட்டிருப்பாங்க. யானிஸ் அடெடோகூம்போன்னு ஒரு பிளேயர், அவர் பேர இங்கிலீஷ் எழுத்த வச்சுப் படிச்சா அன்டெடோகௌன்ம்போன்னு என்னமோ வரும், பாட்காஸ்ட்டுக்கு இது ஒண்ணே போதும் மானம் போக. ரோஸ்டர் சில கைடுல ரெண்டு தடவ இருக்கும், பேர் வரிசைல ஒண்ணு, ஜெர்சி நம்பர் வரிசைல ஒண்ணு. ரெண்டாவது லிஸ்ட் கமென்டரி பண்றவங்களுக்கு, கோர்ட்ல நம்பர் மட்டும்தான தெரியும்.

அப்புறம் முக்கியமா, கைடு சீசன் ஆரம்பிக்கும்போது போடுறது. நடுவுல டிரேடு, அதாவது டீமுங்க பிளேயர மாத்திக்கறது, நடந்தா ரோஸ்டர் பழசாயிரும். அதுக்குதான் ஒவ்வொரு மேட்ச்சுக்கும் கேம் நோட்ஸ்னு தனியா விடுவாங்க. நடப்பு சீசன் நம்பர் எல்லாம் அதுலேர்ந்து எடுங்க, சரித்திரம் மட்டும் கைடுலேர்ந்து.

சந்தேகப்_பிராணி:
"டீமே போடுறது"ங்கறதுதான் பிரச்சனையே. கைட தயார் பண்றது டீமோட பிஆர் (மக்கள் தொடர்பு) ஆளுங்க, அவங்க டீம அழகாதான் காட்டுவாங்க. மேட்ச் ரிசல்ட், ஸ்கோர் இதுல எல்லாம் கை வைக்க மாட்டாங்க, ஏன்னா லீக்கிட்டயும் அதே கணக்கு இருக்கு. ஆனா ஆளப் பத்தின தகவல் அப்படி இல்ல. என்பிஏல உயரத்த ஷூ போட்டு அளந்து ஒரு இஞ்ச் ரெண்டு இஞ்ச் ஏத்தறது ரொம்ப நாள் வழக்கம், 2019ல லீக்கே ஷூ இல்லாம அளந்து குடுங்கன்னு சொன்னதும் நிறைய பேர் ஒரே ராத்திரில குட்டையாயிட்டாங்க. பட்டி ஹீல்டுங்கற பிளேயரோட வயசு வருஷக்கணக்கா ஒரு வயசு கம்மியா போயிட்டு இருந்துச்சு, 2018 டிசம்பர்லதான் தெரிஞ்சுது.

இதவிட பெருசு ஜார்ஜ் ஓலியரி கதை. 2001 டிசம்பர்ல அவர அமெரிக்காவுல நோட்ர டாம் காலேஜோட அமெரிக்கன் ஃபுட்பால் டீமுக்கு ஹெட் கோச்சா எடுத்தாங்க, அஞ்சே நாள்ல ராஜினாமா. நியூ ஹாம்ப்ஷையர்ல காலேஜ் டீமுக்கு ஆடினேன், மாஸ்டர்ஸ் டிகிரி இருக்குன்னு பல வருஷமா பயோல ஓடிட்டு இருந்துச்சு, ரெண்டும் பொய். ஒரு லோக்கல் ரிப்போர்ட்டர் சாதாரணமா ஒரு கட்டுரை எழுத பழைய டீம்மேட்டுங்களக் கூப்பிட்டுக் கேட்டிருக்காரு, அப்படி ஒரு ஆள் ஆடினதே இல்லைன்னுட்டாங்க. போன வருஷ பயோவ இந்த வருஷத்துக்கு காப்பி பண்ணிட்டே போனா இப்படித்தான், ஒரு போன் போட்டுக் கேக்க யாருக்கும் தோணல.

பழைய_பேப்பர்:
காலேஜ் டீமுங்க கதை இன்னும் தமாஷ். பேருதான் மீடியா கைடு, உண்மைல ஸ்கூல் பசங்கள டீமுக்கு இழுக்கற விளம்பர புக்கு. ஜிம் போட்டோ, லாக்கர் ரூம் போட்டோ, அது இதுன்னு டெக்சஸ், மிசோரி மாதிரி இடங்கள்ல 500 பக்கத்தத் தாண்டிருச்சு. பணக்கார காலேஜ் அடிச்சுட்டே போக மத்தவங்க முழி பிதுங்க, 2005ல என்சிஏஏ (அமெரிக்க காலேஜ் விளையாட்டுகள நடத்தற அமைப்பு) 208 பக்கத்துக்கு மேல கூடாதுன்னு கட் பண்ணிருச்சு. அப்புறம் மெல்ல பல காலேஜ் அச்சடிக்கறதையே விட்டுட்டு ஆன்லைனுக்குப் போயிட்டாங்க. எனக்கு அச்சுல இருந்தாதான் பிடிக்கும், பிடிஎஃப்ல தேடினா தேடினது மட்டும்தான் கிடைக்கும்.

மூணாவது_குவார்ட்டர்:
உயர மேட்டர் தெரியவே தெரியாது, அடுத்த எபிசோடுக்கு அதையே எடுத்துக்கறோம். கேம் நோட்ஸ் வெளியாளுங்களுக்கும் கிடைக்குமா?

மைக்_டெஸ்டிங்:
நிறைய டீம் சும்மாவே போட்டு வைக்கறாங்க, டீம் சைட்ல மீடியா இல்லனா பிரஸ்னு இருக்கற பக்கத்துல பாருங்க. மேட்ச் அன்னைக்கு காலைல பாத்தா புதுசு இருக்கும். எதிர் டீமோடதையும் எடுத்து வச்சுக்கோங்க, இவங்க நோட்ஸ்ல அமுக்கி வச்ச தோல்விய அவங்க முதல் பக்கத்துலயே போட்டிருப்பாங்க.