டிப்டிக்: தமிழில் என்ன போடலாம்? (அட்டை நாளை மாலை அச்சுக்கு)

முத்தியால்பேட்டை:
குழுவினருக்கு வணக்கம். கடற்கரைப் பக்கம் ஒரு சின்னக் காட்சிக்கூடத்தில் சனிக்கிழமை ஓவியக் கண்காட்சி திறக்கிறார்கள். படத்துக்குப் பக்கத்தில் ஒட்டும் குறிப்பு அட்டைகளைத் தமிழில் எழுதித்தரும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. பாதிக்கு மேல் இரண்டிரண்டு சட்டங்களாக மாட்டியவை. இரண்டும் சேர்ந்துதான் ஒரு படைப்பு, விலையும் ஒன்றுதான். பிரெஞ்சு வரியில் திப்திக், ஆங்கில வரியில் டிப்டிக், தமிழ் வரி காலி. இணையோவியம் என்று போட்டுப் பார்த்தேன், கூடத்தில் வேலை செய்யும் பையன் "இன்டர்நெட்ல வரைஞ்சதா சார்?" என்கிறான். நாளை மாலைக்குள் ஒரு சொல் வேண்டும், காப்பாற்றுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர்:
தம்பி, மூலத்திலிருந்து வருவோம். கிரேக்கத்தில் அதற்கு இருமடிப்பு என்று பொருள். ரோமர்கள் மெழுகு பூசிய இரண்டு பலகைகளைக் கீல் வைத்துச் சேர்த்து எழுதினார்கள், மூடினால் எழுத்து அழியாது. பிறகு வழிபாட்டுப் படங்கள் அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டன. லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் வில்டன் டிப்டிக் 1390களின் கடைசியில் செய்தது: இடப்பலகையில் மன்னர் இரண்டாம் ரிச்சர்டு மண்டியிட்டிருப்பார், வலப்பலகையில் குழந்தையோடு மரியாளும் தேவதூதர்களும். மூடிக் கையோடு கொண்டுபோகலாம். ஆக இருமடி என்பதுதான் நேர்ச்சொல், ஆனால் அதற்கு இரண்டு மடங்கு என்ற பொருள் ஊன்றிவிட்டது. என் பரிந்துரை பிணையல். போரடிக்க மாடுகளைச் சேர்த்துக் கட்டுவது பிணையல்தானே? பிணை, பிணைப்பு, பிணக்கு எல்லாம் ஒரே வேர். பெண்மானைப் பிணை என்று ஏன் சொன்னார்கள் என்று யோசித்தால், ஆணோடு சேர்ந்தே திரிவதால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது, இதைத் தனியாக ஒரு மடலில் விரிவாக எழுதுகிறேன்.

பாகூர்:
ஐயா, எங்கள் ஊரில் பிணையல் என்றால் பாம்பு. அட்டையைப் படிப்பவர்கள் படத்தில் பாம்பைத் தேடுவார்கள்.

வில்லியனூர்:
இலக்கணப்படி ஒரே வழிதான். உயிர்முன் இரண்டு ஈர் ஆகும், ஈராயிரம் மாதிரி. எனவே ஈரோவியம். மூன்று பலகை வந்தால் மூவோவியம். அதற்கும் மேலே போனால் பல்லோவியம்.

பாகூர்:
பல்லோவியத்தைப் பல் டாக்டர் வீட்டில் மாட்டலாம். ஈரோவியத்தைக் காயவைத்துவிட்டு மாட்டுங்கள்.

வில்லியனூர்:
ஈர ஓவியம் புணர்ந்தால் ஈரவோவியம் என்று வரும், ஈரோவியம் வராது. கிண்டல் செய்யும் முன் நன்னூலைப் புரட்டவும்.

திருப்பாதிரிப்புலியூர்:
பேச்சில் காது நன்னூல் பார்க்காது. ஈரோட்டையே பாருங்கள், இரண்டு ஓடைகள் சேர்ந்த ஈரோடை என்பார் ஒரு கட்சி, பிரமனின் ஈர மண்டையோடு சிவன் கையில் ஒட்டிய கதையைச் சொல்வார் இன்னொரு கட்சி.

முத்தியால்பேட்டை:
ஈரோட்டுக்குப் போய்விட்டோம். புதுச்சேரிக்குத் திரும்பலாமா?

அரியாங்குப்பம்:
நான் வரைகிறவள், இலக்கணம் பள்ளியோடு சரி. நீங்கள் எல்லாரும் கீலைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். இப்போது வரும் டிப்டிக்கில் கீலே கிடையாது, இரண்டு கேன்வாஸ், நடுவில் விரற்கடை இடைவெளி, அவ்வளவுதான். அந்த இடைவெளிக்காகத்தான் ஜோடியாகவே செய்கிறோம். ஒற்றைப் படத்தின் முன்னால் நிற்பவர் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார், இரண்டு இருந்தால் கண் இங்கும் அங்கும் போய்வந்தே ஆகணும், எது முதல் எது பின் என்று அவரே ஒரு கதை கட்டிக்கொள்வார், அந்த வேலையை நாம் செய்யவேண்டியதில்லை. அமெரிக்க ஓவியர் வார்ஹோல் 1962இல் செய்த மர்லின் டிப்டிக்கில் நடிகை மர்லின் மன்றோவின் ஐம்பது முகங்கள். இடப்பக்கம் இருபத்தைந்தும் பளீர் வண்ணம், வலப்பக்கம் இருபத்தைந்தும் கறுப்பு வெள்ளை, ஓரத்துக்குப் போகப்போக மங்கிவிடும். மர்லின் இறந்த வருடம் அது. பாதியை மூடிவிட்டுப் பாருங்கள், வெறும் சினிமா விளம்பரம்.

சரி, பள்ளியில் படித்ததில் ஒன்று நினைவிருக்கிறது: இரட்டைக்கிளவி பிரிந்தால் பொருள் தராது, அடுக்குத்தொடர் பிரித்தாலும் நிற்கும். ஜோடிப் படங்களிலும் இந்த இரண்டு சாதி உண்டு. இன்னொரு அமெரிக்க ஓவியர் ராஷன்பெர்க் 1957இல் ஃபேக்டம் 1, ஃபேக்டம் 2 என்று இரண்டு செய்தார், வண்ணம் ஒழுகிய தடம்கூட ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். இன்று ஒன்று நியூயார்க்கில், ஒன்று லாஸ் ஏஞ்சலஸில். பிரிந்தும் நிற்கின்றன, ஆனால் அந்த விளையாட்டு போய்விட்டது. எது எந்த சாதி என்று தெரிகிற மாதிரி ஒரு சொல் கொடுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர்:
அருமை அம்மா. "இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா" என்கிறது தொல்காப்பியம். இரட்டைப் புலவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒருவருக்குக் கால் இல்லை, ஒருவருக்குப் பார்வை இல்லை. ஒருவர் முதல் இரண்டடி பாட மற்றவர் வெண்பாவை முடிப்பார். நமக்கு இந்த வடிவம் புதிதே அல்ல.

வில்லியனூர்:
அப்படியானால் இரட்டை என்பதையே வைக்கலாம். இரட்டைக் காப்பியங்கள் என்று சிலம்பையும் மணிமேகலையையும் சொல்கிறோமே. ஆனால் அவை தனித்தனியாக நிற்பவை, அம்மா கேட்ட வேறுபாடு இதில் கிடைக்காது. ஈரோவியம் இன்னும் மேசைமேல்தான் இருக்கிறது.

லாஸ்பேட்டை:
இரட்டைப்படம் என்றால் ஒரே டிக்கெட்டில் இரண்டு சினிமா. டிப்டிக் என்றே எழுதுங்கள். பேருந்தும் பேனாவும் பக்கத்துப் பக்கத்தில் ஓடவில்லையா? பார்க்க வருபவர்கள் பாதிப்பேர் அதைத்தான் சொல்வார்கள்.

திருப்பாதிரிப்புலியூர்:
மீதிப் பாதிக்காகத்தான் தமிழ் அட்டை. டிப்டிக் என்று படித்து அவர்களுக்கு என்ன விளங்கும்? இரட்டை என்றாலாவது இரண்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று புரியும்.

அரியாங்குப்பம்:
ஆனால் ஓவியம் என்று வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கண்காட்சியில் நான்கு புகைப்பட ஜோடிகள் இருக்கின்றன. ஈரோவியம் அதிலேயே விழுந்துவிடும்.

வில்லியனூர்:
ஈர்ப்படம் என்று மாற்றத் தயார்.

பாகூர்:
உயிர்முன்தான் ஈர் ஆகும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?

முத்தியால்பேட்டை:
அச்சகத்திலிருந்து மூன்று முறை அழைத்துவிட்டார்கள். எண்ணிப் பார்த்தேன்: இரட்டைப்படம் நான்கு பேர் (இரண்டு பேர் "சரி, போங்கள்" என்ற அளவில்), டிப்டிக் ஒருவர், ஈரோவியம் ஒருவர், பிணையல் ஐயா மட்டும். இரட்டைப்படம் போகிறது. கீழே சிறிய எழுத்தில் "இரு பகுதிகள் சேர்ந்த ஒரே படைப்பு" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன், சினிமா என்று நினைப்பவர்களுக்காக. ஃபேக்டம் மாதிரி பிரிந்து நிற்பவற்றுக்கு வெறுமனே ஜோடி.

வில்லியனூர்:
என் மாற்றுக்கருத்தைப் பதிவுசெய்யவும். நான் எழுதும் இடத்தில் ஈரோவியம்தான்.

திருப்பாதிரிப்புலியூர்:
நான் பிணையலை விடப்போவதில்லை, மான் பற்றிய மடல் ஞாயிற்றுக்கிழமை வரும். இப்போதைக்கு ஒன்றே ஒன்று: இரட்டைப்படத்தில் ப் மிகும். அச்சகத்தில் தின்றுவிடுவார்கள், மெய்ப்பை ஒருமுறை நீங்களே பாருங்கள் தம்பி.