செம்மண் காணியில டிடெக்டர் ஒரே கத்துது: தாட்ட வெள்ளிக்காசைத் தேடுறது எப்பிடி?

தெல்லியூரான்

வணக்கம். தெல்லிப்பழைப் பக்கம் எங்கட பரம்பரைக் காணி ஒண்டு இருக்கு. 1990இல இடம்பெயரேக்க அம்மம்மா தன்னட்ட இருந்த வெள்ளிக்காசுகளை ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலுக்க போட்டு, தகர மூடியை இறுக்கி, கிணத்தடிக்கும் பின்பக்கப் பனங்கூடலுக்கும் இடையில தாட்டுப்போட்டு வெளிக்கிட்டவ. பிறகு அந்தப் பக்கம் முழுக்க ஆமியின்ர உயர் பாதுகாப்பு வலயம். காணி விடுபட்டு இப்பதான் பற்றை வெட்டுறம். வீட்டின்ர அத்திவாரம் அங்கங்க தெரியுது, கிணறு அப்பிடியே இருக்கு.

கனடாவில இருந்து வந்த மாமா தன்ர மெட்டல் டிடெக்டரைத் தந்திட்டுப் போனவர். அங்க காட்டுக்குள்ள பழைய வெள்ளிக்காசு எடுத்த மிசின். இங்க எங்க கொண்டுபோய் வைச்சாலும் கத்துது. சென்சிற்றிவிற்றியைக் குறைச்சா ஒண்டும் கேக்குதில்லை. இரும்பைத் தள்ளுற செற்றிங் போட்டா பாதிச் சத்தம் அடங்குது. இன்னும் மண்ணில கை வைக்கேல்லை. அம்மம்மாவுக்கு அதில அவவின்ர ஐயா குடுத்த காசு இருக்கெண்டதுதான் பெரிசு. எந்தச் செற்றிங்கில தேடலாம் எண்டு தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

ஸ்காபரோ

தம்பி, முதல்ல மிசினில பிழையோ மண்ணில பிழையோ எண்டு பாருங்கோ. கொயிலை, அதாவது மிசின்ர அடியில இருக்கிற வட்டத்தட்டை, நிலத்தில இருந்து இடுப்பளவுக்குத் தூக்கி அசையாமப் பிடியுங்கோ. அப்பவும் கத்தினா மின்கம்பி, பொக்கற்றுக்குள்ள இருக்கிற போன், இல்லாட்டிக் கொயில் வயர் தளர்ந்து ஆடுறது, இதில ஒண்டு. வயரைத் தண்டோட இறுக்கிச் சுத்தி, போனைத் தூர வைச்சிட்டுத் திரும்பப் பாருங்கோ. தூக்கினா அடங்கி, பதிச்சாக் கத்துதெண்டா அது மண்தான்.

உங்கட வலிகாமத்துச் செம்மண்ணுக்கு அந்த நிறம் வாறதே இரும்பு ஒக்சைட்டால. இங்க கனடாக் காட்டில மேல இலைச்சருகு, கீழ இளகின மண். பழைய நடைபாதையோரமும் இடிஞ்ச வீட்டு அத்திவாரத்தடியிலயும் 1968க்கு முந்தின பத்துச்சதம், இருபத்தைஞ்சு சதம் கொஞ்ச ஆழத்திலயே கிடக்கும். மிசினோட வாற செற்றிங்கும் அப்பிடியான மண்ணுக்குத்தான். உங்கட மண்ணில கிரவுண்ட் பலன்ஸ், அதாவது மண்ணின்ர சத்தத்தை மிசின் தள்ளிவிடுற மாதிரித் திருத்துறது, கட்டாயம் செய்யவேணும். உலோகமில்லாத ஒரு துண்டு நிலத்தில கொயிலை மேலயும் கீழயும் மெதுவா ஏத்தி இறக்கி, சத்தம் ஒரே சீராகும் மட்டும் திருத்துங்கோ. சின்னக் கொயில் கிடைச்சா இன்னும் நல்லம்.

மற்றது, தனிக்காசின்ர துல்லியமான சத்தத்தைத் தேடாதேங்கோ. போத்தல் நிறையக் காசெண்டா அது ஒரு கட்டி. அதுக்கு மேல துருப்பிடிச்ச தகர மூடி. மிசின் முதல்ல மூடியைத்தான் காணும், இரும்பெண்டு சொல்லும். இரும்பைத் தள்ளினா உங்கட போத்தலும் சேந்து தள்ளுப்பட்டுப் போகலாம்.

முகமாலை

தம்பி, மிசினை வீட்டில வைச்சிட்டு இதை வாசியுங்கோ. நான் கன காலம் கண்ணிவெடி அகற்றுற வேலையில இருந்தவன்.

உங்கட காணி பல வருசம் வலயத்துக்குள்ள கிடந்தது. இரும்பைத் தள்ளுற செற்றிங் போட்டோடன அடங்கின சத்தம் என்னெண்டு நினைக்கிறியள்? ஆணியாயும் இருக்கலாம், வெடிக்காத மோட்டார் செல்லாயும் இருக்கலாம். செல் இரும்பு. "குப்பை" எண்டு மிசின் மறைக்கிறதுக்குள்ள அதுவும் அடக்கம்.

மிதிவெடி அதைவிட மோசம். வடக்கில கன இடத்தில எடுத்த பி4 வகை மிதிவெடியின்ர உடம்பு பிளாஸ்ரிக், உள்ளுக்கு இருக்கிற உலோகம் மிகக் கொஞ்சம். காசு தேடுற மிசினுக்கு அது வெள்ளித்தாள் துண்டு மாதிரித்தான் கேக்கும். செம்மண்ணில கேக்காமலே போகவும் கூடும். மிசின் பேசாமல் இருக்குது எண்டதுக்காக அந்த இடம் பாதுகாப்பெண்டு ஒருநாளும் நினையாதேங்கோ. அந்த வேலைக்கெண்டு செய்த டிடெக்டரையே நாங்கள் ஒவ்வொரு நாளும் சோதனைத் துண்டொண்டில பிடிச்சுப் பாத்த பிறகுதான் பாதைக்குள்ள இறக்குவம். ரவைக்கோதும் சிதறலும் கூடின இடத்தில டிடெக்டரை விட்டிட்டு, இரும்பு வாரியால பக்கவாட்டில மண்ணைக் கீறிக் கீறித்தான் முன்னுக்குப் போவம். மேல இருந்து குத்துறதே இல்லை.

விடுபட்ட காணியெல்லாம் ஆபத்தெண்டு சொல்லேல்லை. துப்பரவாக்கிக் குடுத்த காணியெண்டா பதிவு இருக்கும். உங்கட காணி அதுக்குள்ள வருதோ, எந்த ஆழத்துக்குப் பாத்தவை எண்டு பிரதேச செயலகத்தில கேளுங்கோ. மேல்மட்டம் மட்டும் பாத்த இடத்தில ஆழக் கிடங்கு வெட்டுறது வேற கதை. அதுமட்டும் பற்றை வெட்டுற ஆக்களிட்டயும் மண்வெட்டி போட வேண்டாமெண்டு சொல்லுங்கோ, குப்பையைக் குவிச்சு நெருப்பும் வைக்க வேண்டாம். ஏதும் கண்டா தொடாமல், போன காலடியாலேயே திரும்பி வந்து பொலிசின்ர 119க்கு அடியுங்கோ.

தெல்லியூரான்

அண்ணை, பெரிய உபகாரம். பற்றை வெட்டை இண்டைக்கே நிப்பாட்டியாச்சு. பதிவு சரியெண்டு வந்தாலும் பொலிஸ் பிரச்சினை வருமோ? புதையல் தோண்டினதெண்டு ஆக்களைப் பிடிக்கிற செய்தி அடிக்கடி வருது. இது எங்கட சொந்தக் காணி, எங்கட சொந்தச் சாமான்.

கந்தரோடை

சொந்தக் காணி எண்டது மட்டும் காணாது. 1940ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, தொல்பொருள் தேடி அகழுறதுக்குத் திணைக்களத்தின்ர அனுமதிப்பத்திரம் வேணும். தன்ர காணியெண்டாலும் அதேதான். மண்ணுக்குள்ள இன்னும் கண்டெடுக்காமல் கிடக்கிற தொல்பொருள் அரசாங்கத்தின்ர சொத்து. சட்டம் கோடு போட்டிருக்கிற திகதி 1815 மார்ச் 2, கண்டி ஒப்பந்த நாள். அதுக்கு முந்தினது தொல்பொருள்.

அம்மம்மா 1990இல தாட்ட பிரித்தானியர் காலத்துக் காசுக்கு அது பொருந்தாது. ஆனா மிசினோடயும் மண்வெட்டியோடயும் நிக்கிற ஆளைப் பாக்கிற பொலிசுக்கு அது தெரியாது. காணி உறுதியோட முதல் விதானையாரிட்ட (கிராம அலுவலர்) போங்கோ, பிறகு பொலிசில எழுத்தில சொல்லுங்கோ. அம்மம்மா தன்ர வாயால சொல்லுறதை எழுதி அவவின்ர கையெழுத்தும் வாங்கி வைச்சா உதவும்.

ஒரு விசயம் எனக்கு மனதில கிடக்குது, சொல்லாமல் விடேலாது. போத்தலைத் தேடேக்க சேது எண்டு எழுதி நந்தி போட்ட யாழ்ப்பாண அரசர் காலத்துச் செப்புக்காசோ, ஒல்லாந்தற்ர விஓசி (கிழக்கிந்தியக் கொம்பனி) காசோ, கறுப்புச்சிவப்பு மட்பாண்ட ஓட்டுத்துண்டோ வந்தா அந்த இடத்திலேயே நிப்பாட்டுங்கோ. வலிகாமத்து மண் அப்பிடிப்பட்டது. கந்தரோடையில வரலாற்றாளர் போல் பீரிஸ் நூறு வருசத்துக்கு முன்னம் சேகரிச்ச காசுகளுக்குள்ள அச்சுக்குத்தின மிகப் பழைய வெள்ளிக்காசும் இருந்தது. காசு எந்தப் படையில, எதோட கிடந்தது எண்டதை வைச்சுத்தான் எங்கட வரலாற்றை எழுதலாம். பிடுங்கி எடுத்த காசு வெறும் உலோகம். படம் எடுத்து, மூடிவிட்டு, தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கோ.

பழங்காசு

அம்மம்மாவிட்ட வெளிய ஏதும் காசு மிஞ்சியிருக்கோ? இருந்தா என்ன தேடுறம் எண்டு தெரியும்.

தெல்லியூரான்

ஒண்டு இருக்கு ஐயா. ஐம்பது சதம், 1914, ராசாத் தலை. பின்பக்கம் பனைமரம். கறுத்துப்போய் விளிம்பில மட்டும் வெள்ளை தெரியுது.

பழங்காசு

ஐந்தாம் ஜோர்ஜ். அந்த மரம் எங்கட பனையில்லை, தாளிப்பனை. 1914 எண்டா ஆயிரத்தில 800 பங்கு வெள்ளி. 1919இல இருந்து 550 ஆக்கிப்போட்டாங்கள். நிறை 5.83 கிராம். நகைக்கடைத் தராசில வைச்சுப் பாருங்கோ, தேய்மானத்துக்குக் கொஞ்சம் குறையும். 1943இல அடிச்ச ஐம்பது சதத்தில வெள்ளியே இல்லை, நிக்கல் பித்தளை.

அந்தக் கறுப்பில கை வையாதேங்கோ. புளி, சாம்பல், பற்பசை ஒண்டும் வேண்டாம். ஒருக்காத் தேய்ச்சா ராசாவின்ர தாடிமயிர்க் கோடெல்லாம் மழுங்கிப்போகும், பிறகு ஒருத்தராலயும் திருப்பிக் குடுக்கேலாது. மண்ணில இருந்து வாறதை பற்றறிக்கு விடுற வடிச்ச தண்ணியில ஊறவிட்டு, தண்ணியை மாத்தி மாத்தி விட்டு, பஞ்சுத்துணியில ஒத்தி எடுங்கோ. கிணத்துத் தண்ணி வேண்டாம், எங்கட சுண்ணாம்புத் தண்ணி காஞ்சா வெள்ளை படியும்.

ஸ்காபரோ

தம்பி, பதிவு வாறமட்டும் அந்த 1914 காசால ஒரு வேலை செய்யலாம். இப்ப இருக்கிற வீட்டு வளவில, சிறு பூச்சட்டியில செம்மண் நிரப்பி, காசைப் பொலித்தீனில சுத்தி ஒரு சாண் ஆழத்தில வையுங்கோ. மேல ஒரு துருப்பிடிச்ச தகர மூடி. மூடியோடயும் மூடி இல்லாமலும் மிசின் என்ன சொல்லுது எண்டு காதுக்குப் பழக்குங்கோ.

முகமாலை

நல்ல யோசனை. அதோட அம்மம்மாவை இப்பவே இருத்திக் கேளுங்கோ. கிணத்துக்கட்டின்ர எந்தப் பக்கம், துலாக்கால் எங்க நிண்டது, குசினி வாசலில இருந்து எத்தினை எட்டு, எந்தப் பனைக்கு நேர. ஒரு கடதாசியில அவவையே கீறச் சொல்லுங்கோ. கிணறு அசையேல்லை, அத்திவாரம் கிடக்கு, அதுகளில இருந்து கயிறு பிடிச்சு அளந்தா முழுக்காணியும் ஒரு அறையளவுக்குச் சுருங்கும். அந்தக் கடதாசியையும் செயலகத்துக்குக் கொண்டுபோங்கோ. பரப்புக் கணக்கில இல்லாமல் அறையளவு இடத்தைப் பாக்கச் சொல்லிக் கேக்கிறது அவைக்கும் சுகம். அவை பாத்துச் சரியெண்டு எழுதித் தந்த பிறகு மிசினைத் தூக்குங்கோ.