புதுப்பிப்பு: வார்டு கூட்டத்தில் 6-3-5 முறை பலன் தந்தது

மூத்த மருத்துவர்கள் முன்னிலையில் செவிலியர்கள் யோசனை சொல்லத் தயங்குகிறார்கள், டிஸ்சார்ஜ் தாமதத்துக்கு வழி பிறக்கவில்லை என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் தந்த அனைவருக்கும் நன்றி.

ஒவ்வொரு நிறத் தொப்பிக்கும் ஒரு சிந்தனைக் கோணம் என்று வைத்துப் பேசும் ஆறு தொப்பி முறையை முதலில் முயன்று பார்த்தோம். எந்த நிறத் தொப்பியானாலும் மூத்தவர்களின் குரலே ஒலித்தது. கைகொடுத்தது, பேசாமல் தாளில் எழுதி யோசனை சேர்க்கும் 6-3-5 முறைதான். ஆறு பேர், ஆளுக்கு மூன்று யோசனை, ஐந்து நிமிடம். பிறகு தாள் அடுத்தவரிடம் போகும். அவர் அதைப் படித்து, வளர்த்து எழுதுவார். ஆறு சுற்றில், அரை மணி நேரத்தில் 108 யோசனைகள் வரை சேரும். யாரும் பேசுவதில்லை என்பதால் பதவி குறுக்கே நிற்பதில்லை. பரிந்துரைத்த நண்பருக்குத் தனி நன்றி.

ஏற்றுக்கொண்ட யோசனை ஓர் இளம் செவிலியருடையது: மீதமுள்ள மருந்துகளை டிஸ்சார்ஜுக்கு முந்தைய மாலையே மருந்தகத்துக்குத் திருப்பிவிடுவது. மருந்துக் கணக்குக்காகக் காலையில் பில் காத்திருப்பது நின்றுவிட்டது. நோயாளிகளின் குடும்பத்தாருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி!

எதிர்பாராத சிக்கல் ஒன்று: கையெழுத்தை வைத்து ஆளை அடையாளம் கண்டார்கள். அதனால் இப்போது செவிலியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் தனித்தனிக் குழு. தாள்களைத் தட்டச்சு செய்த பிறகே பொதுக் கூட்டத்தில் வைக்கிறோம்.