க்ரானுலோமா என்று எழுதி அனுப்பிய பிறகும் உறுத்துகிற ஸ்லைடுகள்
(திசுப் பரிசோதனை செய்பவர்களின் உரையாடல்; ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதுபவரின் புனைபெயர்)

பாரஃபின் பிளாக்
முன்கையில் ஆறாத புண், இருபதுகளில் வயது. தோல் பயாப்ஸியில் நடுவே நெக்ரோசிஸ் (செத்த திசு), சுற்றிலும் வேலி கட்டினாற்போல் எபிதீலியாய்டு செல்கள். நம் ஊரில் இதைப் பார்த்ததும் கை தானாக ‘நெக்ரோடைசிங் க்ரானுலோமா’ (நடுவே செத்துப்போன அழற்சி முடிச்சு; இங்கே பெரும்பாலும் காசநோய்) என்றுதான் எழுதும். காசநோய்க் கிருமியைத் தேடும் ஏஎஃப்பி சாயத்தில் கிருமி இல்லை. பாரஃபின் வெட்டில் அது கிடைக்காமல் போவது சகஜம் என்பதால் யாரும் நிற்கவில்லை. ஆறு மாதம் காசநோய் மாத்திரை. புண் ஆறாததோடு, முழங்கையை நோக்கி முடிச்சுகள் வரிசையாக ஏறின.

இரண்டாம் பயாப்ஸியில் கெரட்டின் (எபிதீலியப் புரதத்தைப் பழுப்பாகக் காட்டும் சாயம்) போட்ட ஸ்லைடு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. வேலி முழுக்கப் பழுப்பு! க்ரானுலோமாவைக் கட்டும் ஹிஸ்டியோசைட் செல் கெரட்டினை ஏற்காது. எபிதீலியாய்டு சார்கோமா என்ற மென்திசுப் புற்று. பழைய ஸ்லைடைத் திரும்ப எடுத்தால் எல்லாத் துப்பும் அதிலேயே இருந்தது: லாங்ஹான்ஸ் செல் (காசநோய் க்ரானுலோமாவில் வழக்கமாக வரும், பல நியூக்ளியஸ் கொண்ட பெரிய செல்) ஒன்றுகூட இல்லை, சைட்டோபிளாசம் அடர்ந்த இளஞ்சிவப்பு, நியூக்ளியஸ் பெருத்து உருண்டை, அதற்குள் இருக்கும் நியூக்ளியோலஸ் புள்ளி துருத்திக்கொண்டு. 1970இல் என்சிங்கர் இந்தக் கட்டியை விவரித்தபோதே க்ரானுலோமா மாதிரி தெரியும் என்றுதான் எச்சரித்தார்.

நாக்குநுனி
இங்கே நேர் எதிர்க் கதை. நாக்கில் ஒரு செ.மீ. முடிச்சு, மேலோட்டமாகக் கிள்ளிய பயாப்ஸி. எபிதீலியம் (மேற்படலம்) விரல் விரலாகக் கீழே இறங்கியிருந்தது, நடுவில் கெரட்டின் முத்துகள். ‘வெல் டிஃபரன்ஷியேட்டட் ஸ்குவாமஸ் கார்சினோமா’ (மேற்படலப் புற்றுநோய்) என்று ரிப்போர்ட் தட்டச்சாகிவிட்டது. பிளாக்கை இன்னும் ஆழமாக வெட்டியபோது, கடைசி லெவலின் ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு செல்கள். ரவை தூவினதுபோல் சைட்டோபிளாசம், சின்னக் கறுத்த நியூக்ளியஸ். நரம்புறை வகைச் செல்களைக் காட்டும் எஸ்100 சாயம் பளிச்சென்று பாசிட்டிவ். க்ரானுலர் செல் ட்யூமர், பெரும்பாலும் புற்றல்லாத கட்டி. மேலே இருந்தது அதன் தூண்டுதலால் தடித்த எபிதீலியம்தான். அந்தப் பத்து செல் அகப்படாவிட்டால் பாதி நாக்கு போயிருக்கும். நாக்கின் முதுகுப்புறத்தில் கார்சினோமா அரிது. அங்கிருந்து ‘கேன்சர்’ வந்தால், அடியில் இருக்கும் தசை தெரிகிற அளவுக்கு ஆழமான துண்டு கேளுங்கள்.

இடிடிஏ
பாரஃபின் பிளாக் சார், உங்கள் கேஸ் சரி. ஆனால் அதைப் படிப்பவர்கள் எல்லா க்ரானுலோமாவுக்கும் கெரட்டின் கேட்க ஆரம்பித்தால் தாலுகா லேப் தாங்காது. காசநோய்தான் நூற்றுக்கு நூறு மாதிரி வருகிற இடத்தில் யார் பணம் கட்டுவது?

என்னைக் கேட்டால் சாயத்துக்கு முன்னால்தான் பெரிய தப்பு நடக்கிறது. சாக்ரம் எலும்பில் (முதுகெலும்பின் அடிப்பகுதி) கட்டி, நுரை நுரையான செல்கள், கார்டோமா என்ற எலும்புப் புற்று என்று கண்ணுக்கே தெரிகிறது. உறுதிப்படுத்த பிராக்யூரி (கார்டோமாவின் அடையாளப் புரதத்தைக் காட்டும் சாயம்) போட்டால் பழுப்பே இல்லை, வெறும் நீலம். காரணம், எலும்போடு சேர்த்து மொத்தத் துண்டும் சுண்ணாம்பு நீக்கி மிருதுவாக்க இரவு முழுக்க நைட்ரிக் அமிலத்தில் ஊறியிருக்கிறது. பிராக்யூரிக்கு அமிலம் ஆகவே ஆகாது. திசுவை வெட்டியெடுக்கும் க்ராஸிங் மேசையிலேயே கத்தி இறங்குகிற மிருதுவான பகுதியைத் தனி கேசட்டில் போடுங்கள், அதற்கு டீகால் (சுண்ணாம்பு நீக்கம்) வேண்டாம். மீதி எலும்புக்கு, மெதுவாகச் சுண்ணாம்பு நீக்கும் இடிடிஏ, நாள் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை. திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் 10% நியூட்ரல் பஃபர்ட், திசுவைப்போல் குறைந்தது பத்து மடங்கு அளவு. பெரிய கட்டியை வந்த அன்றே ஒரு செ.மீ. இடைவெளியில் ரொட்டிபோல் அறுத்துவிட்டு ஊறவையுங்கள்; முழுசாக மிதக்கவிட்டால் வெளியே வெந்து உள்ளே அழுகும். ஊறுகிற நேரம் 6 மணிக்குக் குறையாமல், 72 மணியைத் தாண்டாமல். இதெல்லாம் செய்யாமல் இம்யூனோவை (இப்படிப் புரதம் தேடும் சாயங்களை) குறை சொல்வதில் பொருளில்லை.

பாரஃபின் பிளாக்
எல்லாவற்றுக்கும் கெரட்டின் என்று நான் எழுதவில்லையே. இளவயது, கை அல்லது விரல், ஆறாத புண், லாங்ஹான்ஸ் இல்லாத க்ரானுலோமா. இந்த நான்கும் சேர்ந்தால் ஒரு கெரட்டின் போடுங்கள் என்பதே என் வாதம். அப்படி மாதம் எத்தனை வந்துவிடும்?

ஃபார்மலின் பற்றி நீங்கள் சொன்னது, இயல்பான செல்களின் நியூக்ளியஸில் இருக்கும் ஐஎன்ஐ1 புரதத்துக்கான சாயத்துக்கும் பொருந்தும். எபிதீலியாய்டு சார்கோமாவில் பெரும்பாலும் அந்தப் புரதம் காணாமல் போயிருக்கும், ஆகவே நாம் தேடுவது நிறமில்லாமையை. முதலில் கட்டியைப் பார்க்கக் கூடாது. பக்கத்து லிம்ஃபோசைட், ரத்தக்குழாய்ச் சுவர் இவற்றின் நியூக்ளியஸ் பழுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். அவையும் நீலமாக இருந்தால் அது இழப்பல்ல, சாயம் ஏறவில்லை. வேறு பிளாக்கில் திரும்பப் போட வேண்டும்.